உத்தியை இரவல் வாங்க முடியாது

விளம்பர நிறுவனங்களிலும் பிராண்டுகளின் மார்க்கெட்டிங் பிரிவுகளிலும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒரு கருத்து எதிர்ப்பே இல்லாமல் வேரூன்றிவிட்டது. செயற்கை நுண்ணறிவை எழுத விடக் கூடாது, எழுதினால் சக்கைதான் வரும். ஆனால் ஆய்வுக்குத் தாராளமாக விடலாம் என்பது அந்தக் கருத்து. போட்டியாளர்களின் இணையப் பக்கங்களைப் படித்துத் தொகுக்கட்டும், கீவேர்டுகளைக் குழு குழுவாகப் பிரிக்கட்டும், நம் வாடிக்கையாளர் யார் என்று பெர்சோனா வரையட்டும், எந்தத் தலைப்பை யாரும் தொடவில்லை என்று கண்டுபிடிக்கட்டும், ஆறு மாதத்துக்கான கன்டென்ட் காலண்டரையும் போடட்டும். அதன்பிறகு நல்ல எழுத்தாளர் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் போதும். எழுத்து மனிதருக்கு, உத்தி இயந்திரத்துக்கு. பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஏஜென்சிகள் இதைத்தான் விற்கின்றன. ஏஐ மீது அவநம்பிக்கை கொண்டவர்கள்கூட இந்த அளவுக்கு இறங்கி வந்து, இதுதான் நடுநிலை என்று நம்புகிறார்கள்.

இந்தப் பங்கீடு தலைகீழானது என்கிறேன். ஏஐயிடம் ஒரு வரைவை எழுதச் சொல்லி வாங்குவதில் உள்ள ஆபத்து சிறியது. அதனிடம் உத்தியைக் கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்துதான் பெரியது. எழுத்தில் நேரும் பிழை கண்ணில் படும், திருத்தலாம். உத்தியில் நேரும் பிழை கண்ணில் படாது. யாரும் திருத்தாமல் விட்ட அந்தப் பிழையின் மேல் எட்டு மாதச் சம்பளமும் நூறு கட்டுரைகளும் ஏறி உட்கார்ந்துவிடும்.

எழுத்துப் பிழை எப்படிப் பிடிபடுகிறது என்பதற்கு சிஎன்இடி தளத்தின் கதை நல்ல சான்று. அமெரிக்காவின் அந்தப் பழைய தொழில்நுட்பத் தளம் 2022 நவம்பரிலிருந்து தனிநபர் நிதி பற்றிய 77 விளக்கக் கட்டுரைகளை ஏஐ உதவியோடு வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியதாயிற்று. ஒரு கட்டுரை, 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டு முடிவில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று சொல்லியிருந்தது. சம்பாதிப்பது 300 டாலர்தான். வட்டிக் கணக்கு தெரிந்த எந்த வாசகரும் இதைப் பிடித்துவிடலாம், பிடித்தும் விட்டார்கள். பிழை வெளியே தெரிந்தது, அவமானம் நேர்ந்தது, நிறுத்தினார்கள். எழுத்துக்கு வாசகன் என்ற காவல் இருக்கிறது.

உத்தி ஆவணத்துக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. அதை வாசிப்பவர்கள் ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேர். "முப்பது வயதுக்குட்பட்ட பெண்களை யூடியூப் ஷார்ட்ஸ் வழியாகப் பிடிக்க வேண்டும், ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பெரிய வெற்றிடம் இருக்கிறது" என்று திரையில் ஒரு வரி வருகிறது. இது உண்மையா? அந்த அறையில் இருக்கும் யாராலும் அந்த நிமிடத்தில் சொல்ல முடியாது. எட்டு மாதம் கழித்து விற்பனை நகராவிட்டால் காரணம் சொல்ல நூறு விஷயங்கள் இருக்கின்றன: கூகுள் அல்காரிதம் மாறியது, பட்ஜெட் குறைந்தது, மழை பெய்தது, எழுத்தாளர் சரியில்லை. முதல் நாள் எடுத்த முடிவு தவறு என்று கைகாட்ட ஆதாரமே இருக்காது. சிஎன்இடியின் வட்டிக் கணக்கைப் போல அது ஒருநாளும் சந்திக்கு வராது.

இது என் ஊகம் மட்டுமல்ல. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல், வார்ட்டன், எம்ஐடி ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்போடு சேர்ந்து 2023 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த நிறுவனத்தின் 758 ஆலோசகர்கள் அதில் கலந்துகொண்டார்கள். எல்லாரும் வணிக ஆய்வையே தொழிலாகக் கொண்டவர்கள். சிலருக்கு ஜிபிடி-4 கொடுக்கப்பட்டது, சிலருக்குக் கொடுக்கப்படவில்லை. புதிய பொருளுக்கு யோசனை சொல்வது, விளம்பர வாசகம் எழுதுவது போன்ற 18 வேலைகளில் ஏஐ வைத்திருந்தவர்கள் வேகமாகவும் கூடுதலாகவும் முடித்தார்கள்; தரமும் 40 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. மார்க்கெட்டிங் கருத்தரங்குகளில் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மறுபாதியைக் காட்டுவதில்லை.

மறுபாதி இதுதான். ஆலோசகர்களுக்கு ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்கு அட்டவணையையும், அதன் ஆட்களோடு எடுத்த நேர்காணல்களையும் கொடுத்தார்கள். மூன்று பிராண்டுகளில் எதன்மேல் முதலீடு செய்தால் வருமானம் வளரும் என்று சொல்ல வேண்டும். அட்டவணையை மட்டும் பார்த்தால் ஒரு விடை தெரியும். நேர்காணல்களில் யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு தகவலைக் கவனித்து அதை எண்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும். ஏஐ இல்லாமல் செய்தவர்களில் ஏறத்தாழ 84 சதவீதம் பேர் சரியான விடைக்கு வந்தார்கள். ஏஐ வைத்திருந்தவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர்தான் வந்தார்கள். இதைவிட என்னை உலுக்கிய தகவல் வேறு. ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே பயிற்சி பெற்ற குழுதான் இந்த வரிசையில் கீழே இருந்தது. தவறான விடை சொன்னவர்களிலும், ஏஐ வைத்திருந்தவர்களின் பரிந்துரைகள் வாசிப்பதற்கு நேர்த்தியானவை என்றே மதிப்பிடப்பட்டன.

உள்ளடக்க மார்க்கெட்டிங்கில் உத்தி என்று நாம் செய்வது இந்த இரண்டாவது வகை வேலையைத்தான். எண்களும் பேச்சும் கலந்த குவியலிலிருந்து, எண்களைப் புரட்டிப் போடும் ஒரு பேச்சுத் துணுக்கை அடையாளம் காண்பது. முடிவு தவறு, ஆனால் ஆவணம் நேர்த்தி. கூட்ட அறைக்கு இதைவிட அபாயமான கலவை வேறில்லை. தடுமாறி எழுதிய தவறான திட்டத்தை யாராவது கேள்வி கேட்பார்கள். சீராக, தலைப்பு தலைப்பாக, நம்பிக்கையோடு எழுதிய தவறான திட்டத்தை எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள்.

பெரிய நிறுவனங்களிடம் சரிபார்க்கும் முறை இருக்கும், சின்னவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் நிறுவனம் ஓர் ஆய்வறிக்கை தயாரித்துக் கொடுத்தது. ஒப்பந்தத் தொகை சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர். 2025 ஜூலையில் அது வெளியானது. இல்லாத ஆய்வு நூல்களும், நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட போலி மேற்கோளும் அதில் இருப்பதை சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். திருத்திய பதிப்பில் ஏஐ பயன்படுத்தியதை நிறுவனம் ஒப்புக்கொண்டது, அக்டோபரில் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் சம்மதித்தது. அந்த அறிக்கையில் அடிக்குறிப்புகள் இருந்தன, ஒருவர் அவற்றைத் தேடிப் பார்க்க முடிந்தது, அதனால் பிடிபட்டது. நம் துறையில் சுற்றும் உத்தி ஆவணங்களில் எத்தனைக்கு அடிக்குறிப்பு இருக்கிறது? "இந்தத் தலைப்புக்குத் தேவை அதிகம்" என்ற வரிக்குக் கீழே, யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று எழுதும் பழக்கமே நம்மிடம் இல்லை.

இதுவரை சொன்னது பிழையைப் பற்றி. விடை சரியாகவே இருந்தால் என்ன? அப்போதும் சிக்கல் தீரவில்லை. சொல்லப்போனால் அங்கேதான் ஆழமாகிறது.

உத்தி என்பது போட்டியாளர் செய்யாததைத் தேர்ந்தெடுப்பது, அதற்காக வேறு பலவற்றைச் செய்யாமல் விடுவது. மைக்கேல் போர்ட்டர் 1996இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் இதை நிறுவினார். ஒருவரைப் பார்த்து ஒருவர் தத்தம் வேலையைச் சீர்படுத்திக்கொண்டே போனால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள், அங்கே யாருக்கும் ஆதாயமில்லை என்பது அவர் வாதம். ஏஐ கருவி இந்தப் போக்கை ஒரு பொத்தானுக்குள் அடக்கித் தருகிறது. நீங்கள் எந்த ஏஐ மாதிரியிடம் கேட்கிறீர்களோ, அதே மாதிரியிடம்தான் உங்கள் போட்டியாளரும் கேட்கிறார். நீங்கள் கொடுக்கும் பொதுத் தரவுதான் அவரிடமும் இருக்கிறது. உங்களுக்குச் சொன்ன "யாரும் தொடாத தலைப்பு" அவருக்கும் சொல்லப்படுகிறது. மூன்றாவது மாதத்தில் ஐந்து நிறுவனங்கள் அந்தத் தலைப்பில் ஒரே மாதிரிக் கட்டுரைகளோடு நிற்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் வேலையும் மேம்பட்டிருக்கும், மொத்தமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல ஆகியிருக்கும். 2024இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் அனில் தோஷியும் ஆலிவர் ஹவுசரும் வெளியிட்ட ஆய்வு, சிறுகதைகளை வைத்து இதைத்தான் கண்டது. ஏஐயின் யோசனையைப் பெற்று எழுதிய கதைகள் சராசரியாக மேலாக மதிப்பிடப்பட்டன. ஆனால் அந்தக் கதைகள் ஒன்றோடொன்று கூடுதலாக ஒத்திருந்தன. கதைக்கு இது ரசனைக் குறை. உத்திக்கு இது மரணம், ஏனென்றால் வேறுபட்டு நிற்பதைத் தவிர உத்திக்கு வேறு பயனே இல்லை.

இந்தத் துறையின் முன்னோடி என்று எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 1900இல் பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் தங்கள் டயர் நிறுவனத்தின் பெயரில் ஒரு சிறு வழிகாட்டி நூலை அச்சிட்டார்கள். வரைபடம், டயர் மாற்றும் முறை, மெக்கானிக் இருக்கும் ஊர்கள், தங்குமிடங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஏறத்தாழ 35,000 படிகள், இலவசம். அப்போது பிரான்சு முழுவதும் இருந்த கார்கள் 3,000கூட இல்லை. அன்றைய நிலவரத்தை வைத்து எந்த ஆய்வுக் கருவியிடம் கேட்டிருந்தாலும் "தேவை இல்லை" என்ற விடைதான் வந்திருக்கும். இருக்கிற கார்க்காரர்களின் எண்ணிக்கையைவிடப் பத்து மடங்குக்கு மேல் நூல் அச்சிடுவது எந்தத் தரவிலும் நியாயப்படாது. சகோதரர்கள் கணக்கிட்டது இருக்கும் தேவையை அல்ல. மக்கள் காரில் தொலைவு போகப் பழகினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் விற்கும். தொலைவு போகத் தடையாக இருப்பது வழியில் என்ன ஆகுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க ஒரு நூல் வேண்டும். தம் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் எதிர்காலத்தின்மேல் வைத்த பந்தயம் அது. நடந்து முடிந்ததை மட்டுமே படித்திருக்கும் ஒரு கருவி அந்தப் பந்தயத்தை வைக்காது. வைக்கச் சொன்னால் வைப்பது போல எழுதிக் காட்டும். ஆனால் பணமோ பெயரோ எதையும் அது இழக்கப் போவதில்லை என்பதால் அந்தப் பந்தயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்காது.

இன்னொரு காரணம் புதியது, இதை நம் துறையில் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம். 2024 மே மாதத்தில் கூகுள் அமெரிக்காவில் தேடல் பக்கத்தின் மேலேயே ஏஐ சுருக்கத்தைத் தரத் தொடங்கியது, பிறகு அது பல நாடுகளுக்கும் வந்தது. 2025 ஜூலையில் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி, அந்தச் சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 சதவீதத்தில்தான் பயனர்கள் கீழே உள்ள வழக்கமான இணைப்பு ஒன்றைத் தட்டினார்கள். சுருக்கம் இல்லாதபோது அது 15 சதவீதம். ஆக, ஏஐயே சொல்லிவிடக்கூடிய விஷயத்தை நீங்கள் கட்டுரையாக எழுதினால் உங்களைத் தேடி வருபவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். எந்தெந்தத் தலைப்பில் எழுதலாம் என்று ஏஐயிடம் கேட்கிறோம். அது தனக்கு நன்றாகத் தெரிந்த பரப்பிலிருந்துதான் தலைப்புகளைத் தருகிறது. அதற்கு நன்றாகத் தெரிந்த பரப்பு என்பது, தேடுபவருக்கு அதுவே நேராகப் பதில் சொல்லிவிடும் பரப்பு. அதன் பரிந்துரைப்படி எழுதுவது, அது ஏற்கெனவே மூடிவிட்ட கதவின் முன்னால் கடை போடுவதாகும்.

பெர்சோனா விஷயத்துக்கு வருவோம். வாடிக்கையாளரைச் சந்திக்கப் பணமும் நேரமும் செலவாகிறது. அதற்குப் பதில் ஏஐயை வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லி, அதனிடம் கேள்வி கேட்டு, பதிலைத் தரவாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். செயற்கை வாடிக்கையாளர் குழு என்று பெயரிட்டு இதை விற்கும் நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. 2024இல் பொலிட்டிக்கல் அனாலிசிஸ் ஆய்விதழில் ஜேம்ஸ் பிஸ்பியும் சக ஆய்வாளர்களும் இப்படிச் செய்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்கத் தேர்தல் ஆய்வுக் கணிப்பில் உண்மையான மனிதர்கள் சொன்ன பதில்களோடு, மனிதர்களாக நடித்த சாட்ஜிபிடியின் பதில்களை ஒப்பிட்டார்கள். சராசரி ஓரளவு ஒத்துப்போனது. ஆனால் மனிதர்களிடையே இருந்த வேறுபாடு இயந்திரத்தின் பதில்களில் சுருங்கியிருந்தது; கேள்வியின் சொற்களைச் சற்று மாற்றினால் பதில் மாறியது; மூன்று மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் முடிவும் மாறியது. மார்க்கெட்டிங்கில் சராசரி மனிதரிடம் நமக்கு வேலையில்லை. சராசரியிலிருந்து விலகி நிற்கும் யாரோ சிலர்தான் முதலில் வாங்குகிறார்கள், முதலில் கைவிடுகிறார்கள், முதலில் புகார் சொல்கிறார்கள். அவர்களைத்தான் இந்தக் கருவி தேய்த்துச் சமமாக்கிவிடுகிறது.

அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுபவர்களை வைத்தே இந்த நிலை. தமிழ்ச் சந்தைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த மாதிரிகளைப் பழக்கத் திரட்டப்படும் இணைய உரைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஆங்கிலம் இருக்கிறது. தமிழ் ஒரு சதவீதத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில்கூட இல்லை. தமிழர்கள் தேடுவதும் ஒரே முறையில் அல்ல. ஒரே பொருளை ஒருவர் தமிழ் எழுத்தில் தேடுகிறார், ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறார், ஒருவர் ஆங்கிலத்திலேயே தேடுகிறார், ஒருவர் போனைப் பார்த்து வாயால் சொல்கிறார். கீவேர்டு கருவிகளின் எண்கள் எந்த மொழியிலும் மதிப்பீடுகள்தான். தமிழில் அந்த மதிப்பீடு இந்த நான்கு வழிகளிலும் சிதறி, பல சொற்களுக்கு வெறும் பூஜ்ஜியமாக வந்து நிற்கும். அந்த எண்ணும் கைவசம் இல்லாமல் ஒரு சாட்பாட்டிடம் "இந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்" என்று கேட்டால், அது தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடக் கூடும். அந்த எண் எங்கிருந்தும் எடுக்கப்பட்டதல்ல, அந்த இடத்தில் வரத் தோதான எண் என்பதால் வந்தது. அப்படி வந்த எண்களை எக்செல் அட்டவணையில் ஏற்றி, நிற வரைபடம் போட்டு, அதை வைத்து ஓர் ஆண்டு பட்ஜெட்டைப் பிரிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தேடலுக்கு வெளியே நடப்பதோ இதைவிடப் பெரிது. தமிழ்நாட்டில் ஒரு நகைக்கடையின் வீடியோவோ ஒரு மருத்துவமனையின் விளக்கக் குறிப்போ நிஜமாகப் பரவுவது வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில். 2012இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் அலெக்சிஸ் மாட்ரிகல் இத்தகைய கண்ணுக்குத் தெரியாத பகிர்வுக்கு டார்க் சோஷியல் என்று பெயர் வைத்தார். அளவுக் கருவியில் அது "நேரடியாக வந்தவர்" என்ற ஒற்றை வரியாகப் பதிவாகும். அத்தை ஏன் அந்த வீடியோவை அனுப்பினார், அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினார், யார் அதைப் பார்த்துக் கடைக்குப் போனார் என்பதெல்லாம் எந்தத் தரவிலும் இல்லை. தரவில் இல்லாததை ஆய்வு செய்ய எந்தக் கருவியாலும் முடியாது. அத்தையிடம் கேட்டால்தான் உண்டு.

எதிர்த்தரப்பில் சொல்லும் பதில்களை நான் அறிவேன். அவற்றில் இரண்டுக்கு வலு உண்டு.

ஒன்று, பழைய மாதிரியை வைத்துச் செய்த ஆய்வுகளைக் காட்டி இன்றைய மாதிரிகளைக் குறைசொல்லக் கூடாது என்பது. ஜிபிடி-4க்குப் பின் வந்த மாதிரிகள் கணக்கிலும் தர்க்கத்திலும் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. அந்தக் கற்பனை நிறுவனத்தின் கேள்விக்கு இன்றைய மாதிரி சரியாகவே விடை சொல்லக்கூடும். ஆனால் அந்த ஆய்வில் விடைக்குத் தேவையான நேர்காணல்களை யாரோ ஏற்கெனவே எடுத்து, தட்டச்சு செய்து, மேசையில் வைத்திருந்தார்கள். நிஜத்தில் அந்த நேர்காணல் எடுக்கப்படுவதே இல்லை. யாரை நேர்காண்பது என்று முடிவெடுப்பதும், அவர் சொல்லத் தயங்குவதை உணர்ந்து இன்னொரு கேள்வி கேட்பதும்தான் ஆய்வின் பெரும்பகுதி. மாதிரி எவ்வளவு கூர்மையானாலும் இந்தப் பகுதியை அது தொடுவதில்லை. அது கூர்மையாகும் அளவுக்கு, நாம் இந்தப் பகுதியைத் தவிர்க்கும் ஆசையும் கூடுகிறது. மேலும், எல்லாருக்கும் ஒரே விடை போகிறது என்ற குறை, மாதிரி மேம்படுவதால் தீருவதில்லை. எல்லாரும் ஒரே சிறந்த விடையைப் பெறுவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, நம்முடைய சொந்தத் தரவைக் கொடுத்தால் விடை நமக்கே உரியதாக இருக்கும் என்பது. இதில் உண்மை இருக்கிறது, இந்த இடத்தில் நான் கருவியை மதிக்கிறேன். பத்தாயிரம் வாடிக்கையாளர் விமர்சனங்களைப் படித்து, எதைப் பற்றி எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்று பிரிப்பது மனிதரைக் களைப்பில் தவறு செய்ய வைக்கும் வேலை. ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, நீண்ட உரையாடலில் ஒரு பொருளைப் பற்றி வரும் இடங்களையெல்லாம் திரட்டித் தருவது, எடுத்த முடிவுக்கு எதிரான வாதங்களை அடுக்கச் சொல்லி நம்மை நாமே சோதிப்பது, இவையெல்லாம் நல்ல பயன்பாடுகள். இவற்றில் ஏஐ ஓர் உதவியாளர். மூலம் நம் கையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூலத்துக்குப் போய்ப் பார்க்கலாம். எல்லை எங்கே மீறப்படுகிறது என்றால், "இவற்றில் எது முக்கியம், எதில் பணம் போடலாம்" என்று அதனிடம் கேட்கும்போது. எண்ணிக்கையில் அதிகமாக வந்ததை அது முக்கியம் என்று சொல்லும் வாய்ப்பே அதிகம். பத்தாயிரத்தில் நாற்பது பேர் மட்டும் சொன்ன ஒன்று ஏன் வணிகத்தையே மாற்றிவிடும் என்று அறிய, அந்த நாற்பது பேரில் நாலு பேரிடமாவது பேச வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சின்னக் கம்பெனிகள் சொல்லும் ஒன்று உண்டு. இது மனதைத் தொடும் வாதம் என்பதால் இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். "பெரிய நிறுவனங்களிடம் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் யார் இருக்கிறார்கள்? மாதம் இரண்டாயிரம் ரூபாயில் ஓர் ஏஐ கருவி கிடைக்கிறது. அதையும் வேண்டாம் என்றால் நாங்கள் எங்கே போவது?"

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை நினைத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொருள், நெருக்கமான போட்டி. அதன் முதலாளி ஏஐயிடம் உத்தி கேட்டால் என்ன வரும் என்று யாரும் ஊகிக்கலாம்: மிருதுவான இட்லிக்கு மாவு அரைக்கும் பக்குவம், டேபிள் டாப்பா டில்டிங்கா என்ற ஒப்பீடு, கிரைண்டரைச் சுத்தம் செய்யும் முறை, பொங்கல் தீபாவளிக்குச் சலுகைப் பதிவுகள். தவறான பட்டியல் இல்லை. அந்த ஊரில் உள்ள மற்ற தயாரிப்பாளர்கள் அத்தனை பேருக்கும் இதே பட்டியல்தான் கிடைக்கும்.

அதே நிறுவனத்தில் சர்வீஸ் போனை எடுக்கும் ஒருவர் இருப்பார். யார் கூப்பிடுகிறார்கள், எந்த ஊரிலிருந்து, என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். டிரம் சுற்றவில்லை, பெல்ட் போய்விட்டது, மாவு சூடாகிறது, கல் தேய்ந்துவிட்டது. 2011இல் தமிழக அரசு ரேஷன் அட்டைதாரர்களுக்கு மிக்சி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. கிரைண்டரைக் கடையில் பார்த்து விலை பேசி வாங்கிய அனுபவமே இல்லாமல், அதைப் பயன்படுத்திப் பழகிய வீடுகள் இதனால் உருவாயின. அந்த வீடுகள் இப்போது இரண்டாவது கிரைண்டரை வாங்கும்போது எதைப் பார்க்கின்றன? விலையையா, கல்லையா, பக்கத்தில் சர்வீஸ் உண்டா என்பதையா? இந்த அரசுத் திட்டம் பற்றி ஏஐயிடம் கேட்டால் சொல்லும். ஆனால் சர்வீஸ் நோட்டையும் அந்தத் திட்டத்தையும் சேர்த்து யோசித்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவது, அந்த வீடுகளைப் பார்த்த ஒருவருக்குத்தான். விடை எனக்கும் தெரியாது. அதற்கு அந்த வீடுகளுக்குப் போன் போட வேண்டும். பெரிய நிறுவனத்தின் மார்க்கெட்டிங் தலைவருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. இந்த முதலாளிக்கு ஒரு நோட்டுதான் நடுவில் இருக்கிறது.

ஆகவே சின்னவர்களிடம் ஒன்றும் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். பெரியவர்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாத அருகாமை அவர்களிடம் இருக்கிறது. அந்த அருகாமையைப் பயன்படுத்தாமல், எல்லாருக்கும் கிடைக்கும் இரண்டாயிரம் ரூபாய் விடையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதைச் சமவாய்ப்பு என்று என்னால் அழைக்க முடியாது. அவர்களுக்கு இருந்த ஒரே மேல்கையையும் பறிப்பது அது.

அந்த முதலாளிக்கு நான் சொல்வது இது. ஒரு மாதத்து சர்வீஸ் நோட்டை எடுத்து நீங்களே படியுங்கள். அதில் பதினைந்து பேரைத் திருப்பிக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசுங்கள், அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலையை ஏஐயிடம் கொடுங்கள். கோவைப் பேச்சு வழக்கில் அது இடறும் இடங்களைக் கேட்டுத் திருத்துங்கள். படித்து முடித்ததும், இந்த ஆண்டு யாருக்காகப் பேசப் போகிறோம், எதைப் பற்றிப் பேசப் போவதில்லை, இது தவறென்று எதை வைத்துத் தெரிந்துகொள்வோம் என்று ஒரே பக்கத்தில் உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடுங்கள். அதன்பிறகு கருவியைத் திறந்து முதல் வீடியோவுக்கான வரைவைக் கேளுங்கள்.